ஒய் குரோமோசோமும் ஒரு அட்மிஷன் கதையும்

போன மாதம் அக்கா பெண் போன் செய்தாள். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, மார்க் இருக்கு. இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோர் இருக்கு. அப்புறமும் ஏன் எல்லாரும் 'முதல்ல ஒரு புரொபசருக்கு மெயில் போடு, அவர் சரின்னு சொன்னா பாதி வேலை முடிஞ்சுது'ன்னு சொல்றாங்க? இது என்ன, ஆள் பிடிக்கிற வேலையா?"

என்னிடம் உடனடி பதில் இல்லை. நான் பி.இ. எங்கள் காலத்தில் கவுன்சலிங்தான். கட்-ஆஃப், ரேங்க், திரையில் காலி இடங்கள். நம் முறை வரும்போது ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டியதுதான். யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. எந்தப் பேராசிரியருக்கும் என் பெயர் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது.

உயிரியலில் மட்டும் ஏன் இப்படி என்று பார்க்கலாமே என்று இரவு நேரங்களில் படிக்க ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு தச்சர் மகளிடம் வந்து நின்றது. அந்தக் குறிப்புகளைக் கோத்துதான் இந்தப் பதிவு.

கட்டணம் கட்டினால் எம்.ஏ.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மேற்படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஹார்வர்டில் 1870களின் தொடக்கம் வரை எம்.ஏ. வாங்குவதற்கு எதையும் படிக்க வேண்டியதில்லை. இளங்கலை முடித்து மூன்று வருஷம் கழித்து ஒரு சிறு கட்டணம் கட்டினால் பட்டம் கிடைத்துவிடும். யேல் பல்கலைக்கழகம் 1861-ல் மூன்று பேருக்கு பிஎச்.டி. கொடுத்தது. அந்த நாட்டின் முதல் பிஎச்.டி.க்கள் அவைதான். அதற்குப் பிறகும், ஆராய்ச்சி செய்ய நினைத்தவர்கள் கப்பல் ஏறி ஜெர்மனிக்குத்தான் போனார்கள்.

ஜெர்மனியில் முறை வேறு. அங்கே ஒரு பேராசிரியர், அவருக்கு ஒரு ஆய்வகம். அவர் உங்களைச் சேர்த்துக்கொண்டால் அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம். நம் ஊரில் தவில் கற்றுக்கொள்ள வித்வான் வீட்டுக்குப் போகிற மாதிரி. உயிரியலுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கணக்கை வீட்டில் உட்கார்ந்தும் போடலாம். மைக்ரோஸ்கோப், சாயங்கள், உயிரோடு இருக்கும் கடல் விலங்குகள், திசுவை மெலிதாகச் சீவும் கருவி எல்லாம் வீட்டில் இருக்காது. கையால் செய்து பழக வேண்டிய வேலை. பக்கத்தில் நின்று, "அப்படியில்லை, இப்படிப் பிடி" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பால்டிமோரில் ஒரு புதுக்கடை

1873-ல் பால்டிமோர் நகரத்து வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இறந்தார். விட்டுப்போன சொத்து சுமார் 70 லட்சம் டாலர். பாதி பல்கலைக்கழகத்துக்கு, பாதி மருத்துவமனைக்கு. 1876-ல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகம் திறந்தது. அதன் முதல் தலைவர் டேனியல் கில்மன் பெரிய கட்டடங்கள் எழுப்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, பணத்தை ஆட்கள்மேல் போட்டார். வருஷத்துக்கு 500 டாலர் வீதம் 20 ஃபெலோஷிப். படிக்க வருகிறவரிடம் பணம் வாங்காமல், அவருக்கே பணம் கொடுத்து வரவழைக்கிற யோசனை. இன்று அமெரிக்காவில் பிஎச்.டி. மாணவருக்கு ஸ்டைபெண்ட் கிடைக்கிறதே, அதன் பூர்வீகங்களில் இது முக்கியமானது.

உயிரியலுக்கு இங்கிலாந்திலிருந்து ஹென்றி நியூவெல் மார்ட்டின் வந்தார். டார்வினுக்காக மேடையேறிச் சண்டை போட்ட தாமஸ் ஹக்ஸ்லியிடம் பழகியவர். அப்போது வயது 28. அவரோடு வில்லியம் கீத் புரூக்ஸ், அவருக்கும் 28. புரூக்ஸ் முதலில் ஃபெலோஷிப்புக்குத்தான் விண்ணப்பித்தார். மாணவராக வர நினைத்தவரை ஆசிரியராகவே எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஐ.டி. துறையிலும் சில சமயம் இப்படி நடக்கும், இன்டர்ன்ஷிப்புக்கு வந்தவனை டீம் லீட் ஆக்கிவிடுவார்கள்!

புரூக்ஸ் 1878-ல் செசபீக் விரிகுடாப் பக்கம் ஒரு கோடைக்கால ஆய்வகம் ஆரம்பித்தார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், சிப்பியும் ஜெல்லி மீனும் பிடித்து, அங்கேயே வைத்துப் பார்ப்பது. இங்கிலாந்திலிருந்து வில்லியம் பேட்சன் 1883, 1884 கோடைகளில் இவரிடம் வந்து வேலை செய்தார். பின்னாளில் மரபியலுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் அந்த பேட்சன்தான். புரூக்ஸின் சொந்த மாணவர்களில் எட்மண்ட் பீச்சர் வில்சன் 1881-ல் பிஎச்.டி. வாங்கினார், தாமஸ் ஹன்ட் மார்கன் 1890-ல். இருபதாம் நூற்றாண்டின் செல்லியலையும் மரபியலையும் அமெரிக்காவில் நிறுவியவர்கள் என்று இந்த இருவரையும் சொல்லலாம்.

அக்கா பெண்ணின் கேள்விக்குப் பாதி பதில் இங்கே கிடைத்துவிட்டது. உயிரியல் மேற்படிப்பில் அட்மிஷன் என்பது வகுப்பறையில் ஒரு சீட் கிடைப்பது அல்ல, ஆய்வகத்தில் ஒரு மேசை கிடைப்பது. மேசைக்கு ஒரு உரிமையாளர் இருப்பார். அவர்தான் தர வேண்டும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இது வெளிப்படையாகவே நடந்தது. ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் 1870களில் அங்கே ஒரு கடல் உயிரியல் நிலையத்தைத் தொடங்கினார். செலவைச் சமாளிக்க, ஆய்வு மேசைகளை வருஷ வாடகைக்கு விட்டார். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் மேசைகளை எடுத்து, தங்கள் ஆட்களை அனுப்பின. மேசை இருந்தால் ஆய்வாளர். இல்லையென்றால் கடலை வேடிக்கை பார்க்க வந்த சுற்றுலாப் பயணி, அவ்வளவுதான்.

மீதிப் பாதி பதில் அவ்வளவு அழகாக இல்லை. மேசைக்கு உரிமையாளர் ஒருவர் இருந்தால், "உனக்கு இல்லை" என்று சொல்லும் உரிமையும் அவரிடம்தான் இருக்கும்.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

ஹாப்கின்ஸ் பெண்களைச் சேர்க்கவில்லை.

எம். கேரி தாமஸ் என்ற பெண், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு 1877-ல் ஹாப்கின்ஸில் மொழியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். அவருடைய அப்பா அந்தப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவர். அதனாலோ என்னவோ ஒரு அரைக்கதவு திறந்தது: பேராசிரியரிடம் ஆலோசனை கேட்கலாம், தேர்வு எழுதலாம், ஆனால் வகுப்புக்கு வரக்கூடாது. ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டு விலகினார். ஐரோப்பாவுக்குப் போய், லைப்சிக்கில் படித்து, அங்கே பெண்களுக்குப் பட்டம் தரமாட்டார்கள் என்பதால் ஸூரிச் போய், 1882-ல் மிக உயர்ந்த தகுதியோடு பிஎச்.டி. வாங்கினார்.

அதே 1882-ல் கிறிஸ்டின் லேட் என்பவர் ஹாப்கின்ஸில் கணிதத்தில் பிஎச்.டி.க்கான அத்தனை வேலையையும் முடித்தார். பட்டம் தரவில்லை. பல்கலைக்கழகத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவில், 1926-ல் தந்தார்கள். அப்போது அவருக்கு வயது 78. நிலவியல் படித்த ஃபுளோரன்ஸ் பாஸ்கம் வகுப்பில் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டார், ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாதாம். 1893-ல் அவருக்குப் பட்டம் கிடைத்தது. ஹாப்கின்ஸ் முறைப்படி ஒரு பெண்ணுக்குக் கொடுத்த முதல் பிஎச்.டி. அது, அதுவும் சிறப்பு அனுமதியில். மேற்படிப்புக்குப் பெண்களைப் பொதுவாகச் சேர்க்க ஆரம்பித்தது 1907-ல்தான்.

இடையில் ஒரு வேடிக்கை. மருத்துவக் கல்லூரி திறக்க ஹாப்கின்ஸிடம் பணம் போதவில்லை. மேரி காரெட் என்ற பணக்காரப் பெண்ணும், கேரி தாமஸ் உள்ளிட்ட அவருடைய தோழிகளும், "பணம் திரட்டித் தருகிறோம், ஆனால் ஆண்களுக்கு என்ன நிபந்தனையோ அதே நிபந்தனையில் பெண்களையும் சேர்க்க வேண்டும்" என்றார்கள். 1893-ல் மருத்துவக் கல்லூரி பெண்களோடு திறந்தது. கொள்கை அப்படியே இருந்தது, காசோலை வந்ததும் கதவு திறந்தது.

காப்பி அடித்துக் கட்டிய கல்லூரி

பிலடெல்பியா பக்கத்தில் பிரின் மார் என்ற ஊரில் 1885-ல் ஒரு பெண்கள் கல்லூரி திறந்தது. ஜோசப் டெய்லர் என்ற குவேக்கர் மருத்துவர் எழுதி வைத்த சொத்து. முதல் டீனாக வந்தவர் நம்ம கேரி தாமஸ். 1894-ல் தலைவரும் ஆனார்.

ஹாப்கின்ஸில் தனக்குக் கிடைக்காததை எல்லாம் இங்கே அவர் கட்டினார். அமெரிக்காவில் பிஎச்.டி. வரை படிக்க வைத்த முதல் பெண்கள் கல்லூரி இதுதான். துறைதோறும் மேற்படிப்பு மாணவிகளுக்கு ஃபெலோஷிப். ஐரோப்பா போய் வர ஒரு தனி ஃபெலோஷிப். ஆசிரியர்களையும் ஹாப்கின்ஸிலிருந்தே கொண்டுவந்தார்கள். முதல் உயிரியல் பேராசிரியர் எட்மண்ட் வில்சன். அவர் 1891-ல் கொலம்பியா போனதும், அந்த இடத்துக்கு வந்தவர் தாமஸ் மார்கன். (வரலாறு சொல்லிக் கொடுக்க வந்த இன்னொரு இளைஞர் உட்ரோ வில்சன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி.)

அதாவது, புரூக்ஸின் ஆய்வகத்துக்குள் நுழைய முடியாத பெண்களுக்கு, புரூக்ஸின் மாணவர்களே ஊர் மாறி வந்து பாடம் எடுத்தார்கள். திறக்காத கதவை எவ்வளவு நாள் தட்டுவது? பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு வீடு கட்டிவிட்டார்கள்.

கேரி தாமஸைக் கொண்டாடி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. அவருக்கு இனவாதக் கருத்துகள் வலுவாக இருந்தன. கறுப்பின மாணவிகளையும் யூத ஆசிரியர்களையும் உள்ளே விட அவர் விரும்பவில்லை. அவர் பெயர் தாங்கியிருந்த பழைய நூலகக் கட்டடத்தைக் கல்லூரி இப்போது அந்தப் பெயரால் அழைப்பதில்லை. மூடிய கதவின் வலி தெரிந்தவர் கதவை மூடமாட்டார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

முப்பத்தைந்து வயதில் ஃபர்ஸ்ட் இயர்

நெட்டி ஸ்டீவன்ஸ் 1861-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். அப்பா தச்சர். மாசசூசெட்ஸில் பள்ளிப் படிப்பு, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான்கு வருஷப் பாடத்தை இரண்டே வருஷத்தில் முடித்தது, பிறகு ஆசிரியை வேலை, நூலக வேலை. அந்தக் காலத்தில் படிப்பில் கெட்டிக்காரியான ஒரு சாதாரண வீட்டுப் பெண்ணின் உச்சம் அதுதான். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

1896-ல், 35 வயதில், சேமித்த பணத்தோடு கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறி ஸ்டான்ஃபோர்டில் இளங்கலை முதல் வருஷம் சேர்ந்தார். ஸ்டான்ஃபோர்ட் அப்போது ஐந்தே வயதான பல்கலைக்கழகம். பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள், கல்விக் கட்டணமும் வாங்கவில்லை. 1899-ல் பி.ஏ., 1900-ல் எம்.ஏ. அவர் பி.ஏ. வாங்கிய அதே 1899-ல் ஸ்டான்ஃபோர்ட் நிறுவனரின் மனைவி, பெண் மாணவர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டக்கூடாது என்று விதி போட்டுவிட்டார். பெண்கள் அதிகமாக வந்து, இது பெண்கள் கல்லூரி என்று பெயர் எடுத்துவிடுமோ என்ற பயம்!

கோடைக்காலங்களில் ஸ்டீவன்ஸ் பசிபிக் கரையிலிருந்த ஹாப்கின்ஸ் கடல் ஆய்வகத்தில் வேலை செய்தார். பெயரைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் குழம்பினேன். இது வேறு ஹாப்கின்ஸ், கலிபோர்னியாக்காரர்.

1900-ல் பிஎச்.டி.க்கு பிரின் மார் வந்தார். வயது 39. நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த வருஷம் அது மட்டுமே திறந்த கதவு அல்ல. யேலும் சிகாகோவும் 1892-லிருந்தே பெண்களை மேற்படிப்பில் சேர்த்துக்கொண்டிருந்தன. ஆனால் பிரின் மாரில் மார்கன் இருந்தார், ஃபெலோஷிப் இருந்தது. அங்கே போன மறு வருஷமே ஐரோப்பிய ஃபெலோஷிப் கிடைத்து நேப்பிள்ஸ் நிலையத்துக்கும், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் தியோடார் போவெரியின் ஆய்வகத்துக்கும் போனார்.

போவெரி அப்போது கடல் முள்ளெலி முட்டைகளை வைத்து, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டு என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மார்செல்லா ஓ'கிரேடியும் உயிரியலாளர், அமெரிக்கர். பிரின் மாரில் எட்மண்ட் வில்சனிடம் மேற்படிப்பு படித்தவர். வூர்ட்ஸ்பர்க்கில் அறிவியல் படிக்க அனுமதிக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். இந்தப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கோடு போட்டு இணைத்துப் பார்த்தால், ஒரு பெரிய குடும்ப மரம் மாதிரி வருகிறது. ஒரு மேசை இன்னொரு மேசைக்கு வழி சொல்கிறது.

1903-ல் ஸ்டீவன்ஸ் பிஎச்.டி. வாங்கினார்.

ஒரு சின்ன குரோமோசோம்

பட்டம் வாங்கியாயிற்று, சாப்பாட்டுக்கு? புதிதாக ஆரம்பித்திருந்த கார்னெகி நிறுவனத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கேட்டு எழுதினார். மார்கன் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். 1904-ல் கிடைத்தது.

அந்தப் பணத்தில் அவர் பார்த்தது மாவுப்புழு. பழைய கோதுமை மாவில் நெளியுமே, அந்த இனம். வண்டாக வளரும் அந்தப் பூச்சியின் செல்களைச் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணினார். பெண் வண்டின் உடல் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் 19 பெரியது, ஒன்று மட்டும் குட்டி. சினைமுட்டைகளில் எப்போதும் 10 பெரியவை. விந்தணுக்களில் பாதியில் 10 பெரியவை, மீதிப் பாதியில் 9 பெரியவையும் அந்தக் குட்டியும்.

புரோகிராமர் புத்தியில் பார்த்தால் இது வெறும் இரண்டு வரி லாஜிக். முட்டை எப்போதும் ஒரே மதிப்பைத்தான் அனுப்புகிறது. விந்தணு இரண்டில் ஒன்றை அனுப்புகிறது. 10 பெரியவை கொண்ட விந்தணு சேர்ந்தால் பெண், குட்டி உள்ள விந்தணு சேர்ந்தால் ஆண். அந்தக் குட்டிதான் இன்று நாம் ஒய் குரோமோசோம் என்று சொல்வது. 1905-ல் கார்னெகி நிறுவனம் இதை வெளியிட்டது.

அதற்கு முன்னால் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தாயின் சாப்பாடும் உடல்நிலையும் தட்பவெப்பமும் தீர்மானிப்பதாகப் பெரிய விஞ்ஞானிகளே எழுதிக்கொண்டிருந்தார்கள். குரோமோசோமைச் சந்தேகித்தவர்களும் சரியாகப் பிடிக்கவில்லை. கிளாரன்ஸ் மெக்ளங் என்பவர் 1901-02-ல் ஒரு தனிக் குரோமோசோம்தான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்றார். ஆனால் அது ஆணாக்குகிறது என்று தலைகீழாகச் சொன்னார்.

அதே 1905-ல் எட்மண்ட் வில்சனும் வேறு பூச்சிகளில் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஸ்டீவன்ஸ் இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பு நடந்திருக்கும் என்று ஒருவர் வாதாடலாம். நடந்திருக்கும்தான். ஆனால் வில்சன் அப்போது சூழலுக்கும் பங்கு இருக்கலாம் என்று இடம் விட்டே பேசினார். ஸ்டீவன்ஸ்தான் குரோமோசோமை நேரடியாகக் கைகாட்டியவர். குருவான மார்கன்கூட 1910-ல் தன் பழ ஈக்களில் வெள்ளைக் கண்ணைப் பார்க்கும்வரை இதை முழுசாக நம்பவில்லை. 1933-ல் நோபல் பரிசு மார்கனுக்கு. பாடப்புத்தகங்களிலும் வெகுகாலம் மார்கன், வில்சன் பெயர்கள்தான்.

நம் ஊருக்கு இது வெறும் பூச்சிக் கதை அல்ல. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக மருமகளைத் திட்டிய மாமியார்களை நானே பார்த்திருக்கிறேன். 'அவ வயித்துல பொண்ணுதான் தங்கும்' என்று சொல்லி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட ஆட்களின் கதை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். முட்டைக்கு இதில் தேர்வே இல்லை, இரண்டு வகை வருவது ஆண் பக்கமிருந்து மட்டும்தான் என்பதை எண்ணிக் காட்டியவர்களில் ஒருவர் ஸ்டீவன்ஸ். எண்ணிக் காட்ட அவருக்கு ஒரு மேசை தேவைப்பட்டது.

அதே 1905-ல் அவருக்கு எல்லன் ரிச்சர்ட்ஸ் பரிசு, 1,000 டாலர் கிடைத்தது. அந்தப் பரிசுக்குப் பின்னாலும் ஒரு மேசைதான் இருக்கிறது. ஐடா ஹைட் என்ற பெண், ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் போராடி 1896-ல் முனைவர் பட்டம் வாங்கி, நேப்பிள்ஸில் வேலை செய்தவர். தனக்குக் கிடைத்தது மற்றப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். வருஷத்துக்கு 500 டாலர் கட்டி, நேப்பிள்ஸில் அமெரிக்கப் பெண்களுக்கென்றே ஒரு மேசையை வாடகைக்கு எடுத்தார்கள். அந்தச் சங்கம் வைத்த பரிசுதான் இது.

ஸ்டீவன்ஸ் 40-க்குச் சற்றுக் குறைவான கட்டுரைகள் எழுதினார். பிரின் மாரில் அவருக்கென்று ஒரு ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கினார்கள். ஏற்பதற்குள் மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. 1912 மே 4 அன்று இறந்தார். வயது 50. இறந்த இடம் பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை.

முதல் கட்டுரை 1901, மரணம் 1912. நடுவில் பதினொரு வருஷம். 22 வயதில் அவர் படிப்பு முடித்துவிட்டு வகுப்பறைக்குப் பதிலாக ஆய்வகத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. திறமை எப்படியும் மேலே வந்துவிடும் என்று சொல்வார்கள். வரலாம். ஆனால் எந்த வயதில் வரும் என்பதைக் கதவு தீர்மானிக்கிறது.

மெட்ராஸிலிருந்து ஆன் ஆர்பர்

இதே கணக்கு நம் பக்கமும் நடந்திருக்கிறது. 1897-ல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் மெட்ராஸ் ராணி மேரி கல்லூரியில் படித்தார். 1914-ல்தான் அந்தக் கல்லூரியே ஆரம்பித்தது, நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி. பிறகு மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஆனர்ஸ். அடுத்து மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. ஸ்டீவன்ஸைப் போலவே, அதோடு நின்றிருக்க வேண்டிய கதை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870-லிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகக் குழுவில் இருந்த லெவி பார்பர் என்ற வழக்கறிஞர், ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிப்பதற்கென்று ஒரு உதவித்தொகை வைத்தார். அந்த பார்பர் உதவித்தொகையில்தான் 1924-ல் ஜானகி அம்மாள் ஆன் ஆர்பர் போனார். முதுகலை முடித்துத் திரும்பி, மறுபடி போய் 1931-ல் அறிவியலில் முனைவர் ஆனார். ஆய்வுப் பொருள், ஒரு செடியின் குரோமோசோம்கள்.

பின்னால் அவர் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்றப் புல்லினங்களோடு கலந்து பார்த்ததும், இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டதும் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். பார்பருக்குக் குரோமோசோம் பற்றி எந்த அக்கறையும் இருந்திருக்கத் தேவையில்லை. அவர் மேசைக்கு வாடகை கட்டினார். உட்கார்ந்தவர் வேலையைப் பார்த்தார்.

அக்கா பெண்ணுக்கு என் பதில்

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கவுன்சலிங்தானே மாமா நல்லது? முகத்தைப் பார்க்காம சீட்டு குடுக்குறாங்க" என்றாள்.

யோசிக்க வேண்டிய கேள்வி. ஆள் பார்த்துச் சேர்க்கிற இடத்தில் திரை போட்டு உட்கார வைப்பார்கள். மார்க் பார்த்துச் சேர்க்கிற இடத்தில் அது முடியாது. என் அப்பாவுக்கு ஒரு பேராசிரியரையும் தெரியாது. ரேங்க் லிஸ்ட் இல்லையென்றால் நான் இன்ஜினியர் ஆகியிருக்க மாட்டேன். ஆனால் விதி மட்டுமே பார்க்கிற இடத்துக்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. நம் நாட்டில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு. அதாவது 35. ஸ்டீவன்ஸ் 35 வயதில் இளங்கலையே அப்போதுதான் ஆரம்பித்தார். 39 வயதில் பிஎச்.டி.க்கு வந்து நின்ற அந்த ஸ்கூல் டீச்சரை நம் விண்ணப்பப் படிவம் பிறந்த தேதி கட்டத்திலேயே திருப்பி அனுப்பிவிடும்.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. 38 வயதில், வார இறுதி வகுப்பாக உயிரியல் எம்.எஸ்சி. படிக்க முடியுமா என்று ஒரு பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பி.இ.யா? எலிஜிபிலிட்டி இல்ல சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. மாதிரி இடங்களில் பி.இ. படித்தவர்கள் அறிவியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. அதனால்தான் இரவில் இப்படிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவிலும் இப்போது நிறைய மாறியிருக்கிறது. பல உயிரியல் துறைகளில் ஒரு குழுதான் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது, ஒரே பேராசிரியர் அல்ல. முதல் வருஷம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருக்கிறது. ஜி.ஆர்.இ. மதிப்பெண் கேட்பதைப் பல துறைகள் நிறுத்திவிட்டன. ஆனாலும் கடைசியில் யாரோ ஒருவர் தன் ஆய்வகத்தில் இடமும் ஸ்டைபெண்டுக்குப் பணமும் இருக்கிறது என்று சொன்னால்தான் வேலை நடக்கும். அதனால், அவளிடம் நான் சொன்னது இதுதான்: "மெயில் போடுறது ஆள் பிடிக்கிற வேலை இல்லடா. மேசை காலியா இருக்கான்னு கேக்குற வேலை. ஸ்டீவன்ஸும் கார்னெகிக்கு எழுதித்தான் கேட்டாங்க. அவங்க பேப்பரைப் படிச்சுட்டு எழுது, மார்க்கை மட்டும் எழுதாதே."

ஆறு பேருக்கு எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், உன் கேள்வி நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வருஷம் என்னிடம் பணம் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். இன்னொருவர் அடுத்த வாரம் வீடியோ காலில் பேசலாம் என்றிருக்கிறார். நேர வித்தியாசத்தில் நம் ஊர் நேரம் ராத்திரி பதினொன்றரை. அவள் வீட்டில் நெட் சரியில்லை என்று அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என் மேசையைக் காலி பண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.